ஆயிரம் புத்தகங்களுக்குப் பன்னிரண்டு வன்தட்டுகள்

ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கான் செய்து, சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 104 மெகாபைட் பிடிக்கும். 300 பக்கப் புத்தகத்துக்கு 31 ஜிகாபைட். ஆயிரம் புத்தகங்களுக்கு 31 டெராபைட். கைத்தொலைபேசியில் எடுத்த படம் போதாதா என்று கேட்பார்கள். வாசிக்கப் போதும். மங்கிய மையையும் கறையான் அரித்த ஓரத்தையும் பிற்காலத்தில் ஒருவர் ஆராயப் போதாது.

வன்னிக்கு இந்தக் கணக்கு தேவையான கணக்குத்தான். 2008, 2009 இடப்பெயர்வுகளில் காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், கல்யாண அல்பம் எல்லாவற்றையும் குடும்பம் குடும்பமாகத் தொலைத்த மண் இது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்க்கும் ‘நூலகம்’ முயற்சி 2005இல் தொடங்கியதற்குப் பின்னால் அந்த நினைவும் உண்டு. மிஞ்சியிருக்கும் தாள்களுக்கு அப்படி ஒரு சேகரத்தைக் கிளிநொச்சியிலேயே அமைப்பதென்று வைத்துக்கொள்வோம். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது; வேலை தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை.

4 டெராபைட் வன்தட்டுகள் பன்னிரண்டு எடுப்போம். ஆனால் தட்டுகள் கூடக்கூட, ஏதோ ஒன்று பழுதாகும் நாள் கிட்ட வருகிறது. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பாற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி கற்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் கணக்குப் போட்டது. ஒரு தட்டு சராசரியாக 30,000 மணித்தியாலம் உழைக்குமென்றால், நூறு தட்டுகள் சேர்ந்த தொகுதி 300 மணித்தியாலத்தில், அதாவது இரண்டு கிழமைக்குள், ஒன்றையாவது இழக்கும். அதற்கு அவர்கள் சொன்ன பரிகாரத்துக்கு வைத்த பெயர்தான் ரெயிட்.

அதன் சாரம் சின்னக் கணக்கு. மூன்று தட்டுகளில் 7, 4, 9 என்று எழுதி, நான்காவதில் கூட்டுத்தொகை 20ஐ எழுதுங்கள். 4 இருந்த தட்டு செத்துப்போனாலும் 20இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழித்து மீட்டுவிடலாம். கணினி இதைக் கூட்டலாகச் செய்வதில்லை. இரும இலக்கங்களில் ஒற்றையா இரட்டையா என்று பார்க்கிறது. இது ரெயிட் 5. இரண்டு தட்டுகள் ஒன்றாகப் போனால் தெரியாக் கணியங்கள் இரண்டு, அவற்றுக்குச் சமன்பாடும் இரண்டு வேண்டும் என்பது சாதாரண தரப் பிள்ளைக்கும் தெரியும். ரெயிட் 6 அந்த இரண்டாவது சமன்பாட்டையும் எழுதி வைக்கிறது. பன்னிரண்டில் இரண்டு தட்டின் இடம் அதற்குப் போக, 40 டெராபைட் மிஞ்சும்.

பெரிய தொகுதிக்கு ரெயிட் 5 வேண்டாம் என்பேன். பழுதான தட்டை மாற்றியதும் மற்றவை எல்லாவற்றையும் முழுதாக வாசித்துத்தான் புதியதை நிரப்ப வேண்டும். 4 டெராபைட் தட்டுக்கு, நொடிக்கு 150 மெகாபைட் வீதம், ஏழரை மணித்தியாலம். 20 டெராபைட் தட்டென்றால், 200 மெகாபைட் வேகத்திலும் 28 மணித்தியாலம். அதுவும் சேர்வர் வேறு வேலை செய்யாமல் இருந்தால். அதற்குள் இன்னொரு தட்டும் போனால் ரெயிட் 5இல் மீட்க வழியில்லை. ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய தட்டுகள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தளரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி வயர் வேலை. தட்டுகளைச் சேர்வரோடு இணைக்கும் மெகாரெயிட் 9361-8i போன்ற கொன்ட்ரோலர் அட்டையில் செருகுமிடம் இரண்டே இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு தடங்கள். நான்காகப் பிரியும் கேபிள் போட்டால் எட்டுத் தட்டுகள் நேராகப் பொருந்தும். மிச்சம் நான்குக்கு எக்ஸ்பாண்டர் என்ற இடைப்பலகை வேண்டும். இரணைமடுவின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களிலிருந்து கிளை வாய்க்கால்கள் பிரிவது போலத்தான்: எத்தனை வயலுக்கும் வெட்டலாம், தலைவாய்க்கால் கொள்ளும் தண்ணீர்தான் எல்லாருக்கும். ஒரு தடம் நொடிக்கு ஏறக்குறைய 1.2 ஜிகாபைட் தரும். நான்கும் சேர்ந்தால் 4.8. நொடிக்கு 250 மெகாபைட் வரை ஓடும் பன்னிரண்டு தட்டுகளுக்கு 3 ஜிகாபைட் போதும். 24 தட்டு என்றால் 6 தேவை; அப்போது ஒரு கேபிள் போதாது. இந்த வேகத்துக்காகச் சண்டை பிடிப்பவர்கள் அலுவலக வலையமைப்பைப் பார்ப்பதில்லை. ஒரு ஜிகாபிட் கேபிள் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கொண்டுபோகாது. அதை நிரப்ப ஒரேயொரு தட்டே போதும்.

வன்னியில் உண்மையான தலையிடி மின்சாரம். சுழலத் தொடங்கும்போது ஒரு தட்டு 24 வாட் வரை இழுக்கும், ஓட்டத்தில் ஏழெட்டு வாட். பன்னிரண்டும் ஒன்றாய் எழும்பினால் 288 வாட், சின்ன யூ.பி.எஸ். அங்கேயே படுத்துவிடும். அதனால் ஒவ்வொன்றாக எழுப்பும்படி கொன்ட்ரோலரில் அமைத்துவிட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின் போனால் இன்னும் மோசம்: 7 மாறியிருக்கும், 20 மாறியிருக்காது. பிறகு மீட்கும் கணக்கு பொய் சொல்லும். அட்டையிலுள்ள நினைவகத்துக்குப் பற்றரி வைப்பது இதற்காகத்தான். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் நாடே இருண்டது நினைவிருக்கும். 2022இல் 13 மணித்தியால வெட்டும் பார்த்தோம்.

அட்டையே பழுதானால்? அதே குடும்பத்து அட்டை இன்னொன்று வேண்டும். பெரும்பாலும் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதனால் இங்கே நான் விலை கூடிய ரெயிட் அட்டையைத் தேர மாட்டேன். தட்டுகளை இணைக்க மட்டும் செய்யும் சாதாரண அட்டை போதும், கணக்கை லினக்ஸின் மென்பொருளோ இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையோ பார்க்கட்டும். சேர்வர் செத்தால் தட்டுகளைக் கழற்றி, கிடைக்கிற வேறொரு கணினியில் கொழுவித் தொடரலாம்.

இவ்வளவும் செய்தாலும், ஒருவர் தவறுதலாக அழித்த கோப்பைப் பன்னிரண்டு தட்டுகளும் ஒற்றுமையாக அழித்துவிடும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரச கிளவுட்டை ரான்சம்வெயர் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த இடைக்காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளம் போல ஒன்று சேர்வர் அறைக்குள் வந்தாலும் ரெயிட் கைகொடுக்காது.

ஆகவே இரண்டாவது பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். அப்படி ஓரிடம் பொருத்தம். 31 டெராபைட்டை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அனுப்ப, இடைவிடாமல் 29 நாள் எடுக்கும். முதற்பிரதியைத் தட்டுகளில் எழுதி, நுரைப்பஞ்சில் சுற்றி, ஏ9 வீதியில் பஸ்ஸில் கொண்டுபோனால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரும். அதன் பிறகு அன்றன்று ஸ்கான் செய்த பக்கங்களை மட்டும் இராத்திரியில் இணையம் வழியே அனுப்பிக்கொண்டிருக்கலாம். நாளுக்கு இரண்டு புத்தகமென்றால் ஒன்றரை மணித்தியால வேலை.