பாதியில் நிற்கிற பெயர்

சங்கரன்கோவில் தறிச் சத்தத்துக்கு நடுவே ரேடியோ கேட்கும் நேயர்களே, ‘சென்னையின்’ என்று பாதியில் நிற்கிற சொல்லையே பெயராக வைத்துக்கொண்ட கால்பந்து அணி தெரியும்தானே? 2014-இல் இந்தியன் சூப்பர் லீக்கோடு கூடவே பிறந்தது சென்னையின் எஃப்.சி. அப்போதைய பயிற்சியாளர் மாட்டராசி. ஆமாம், 2006 உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸ் வீரர் ஜிதேனிடம் தலையால் முட்டு வாங்கினாரே, அவரேதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்க, சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி புனேக்குப் போனது. அங்கே கொல்கத்தாவை 3-0 என வென்றார்கள்.

டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 90-வது நிமிடத்தை எட்டும்போது கோவா கை ஓங்கியிருந்தது, 2-1. அப்போது கோவா கோல்கீப்பர் தடுக்கப் போய், பந்து அவர் வலைக்குள்ளேயே விழுந்தது. அடுத்த இரண்டே நிமிடத்தில் கொலம்பியாக்காரர் மென்டோசா இன்னொன்று அடித்தார். 3-2. கோப்பை சென்னைக்கு வந்தது, அணி பிறந்த மறுவருடமே.