உம்ராவுக்குப் புறப்படுமுன் வங்கிக் கார்டையும் தயார் செய்யுங்கள்

யமன் தேசத்திலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த சிலர், வழிக்கு வேண்டிய உணவு எதையும் எடுத்துக்கொள்ளாமலேயே கிளம்பி வருவார்கள். "நாங்கள் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர்கள்" என்று சொல்வார்கள். ஆனால், மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்குத் தேவையானதைத் திரட்டிக்கொள்ளும்படி கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இவர்கள் விஷயத்தில்தான் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. பயணச் சாதனங்களில் சிறந்தது தக்வா என்று சொல்லும் அந்த வசனம், கட்டுச்சோற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை.

இன்று உம்ராவுக்குப் புறப்படும் நம் குடும்பங்களில் பலருக்குக் கட்டுச்சோறு என்பது சட்டைப் பையில் இருக்கும் வங்கிக் கார்டுதான். கொஞ்சம் ரியாலைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரத்துக்குக் கார்டு இருக்கிறது என்ற தைரியத்தில் விமானம் ஏறுகிறோம். ஆனால், கணக்கில் பணம் இருப்பதும், அந்தக் கார்டு மக்காவில் வேலை செய்வதும் இரு வேறு விஷயங்கள். இதைப் புரிந்துகொள்ளாததால் மருந்துக் கடையிலோ ஹோட்டல் வரவேற்பறையிலோ கார்டை நீட்டி, "டிக்ளைன்" என்று வந்ததும் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

பணம் இருந்தும் கார்டு ஏன் வேலை செய்வதில்லை?

முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது, ரிசர்வ் வங்கியின் விதி. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவின்படி, புதிதாகவோ புதுப்பித்தோ தரப்படும் எந்தக் கார்டும் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும், கடைகளில் உள்ள ஸ்வைப் மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும் நிலையில்தான் நம் கைக்கு வரும். வெளிநாட்டுப் பயன்பாடு, இணையவழிப் பணப் பரிமாற்றம், மெஷினில் தட்டிப் பணம் செலுத்தும் 'டேப்' வசதி ஆகியவற்றை வாடிக்கையாளரே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். நம் கார்டைத் திருடர்களிடமிருந்து காப்பாற்ற வந்த நல்ல ஏற்பாடு இது. ஆனால், தெரியாதவருக்கு இதுவே தடையாகிவிடுகிறது.

இரண்டாவது, வங்கியின் கண்காணிப்பு. நேற்று வரை காயல்பட்டினத்திலும் திருநெல்வேலியிலும் மட்டுமே பயன்பட்ட கார்டு, இன்று திடீரென்று ஜித்தாவில் பெரிய தொகைக்குப் பயன்படுத்தப்பட்டால், யாரோ திருடிவிட்டார்கள் என்று வங்கியின் கணினி சந்தேகிக்கலாம். உடனே பரிமாற்றத்தை நிறுத்தும், சில சமயம் கார்டையே முடக்கிவிடும். போவது நாம்தான் என்று வங்கிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடம் குறையும்.

மூன்றாவது, கார்டின் வகை. சாதாரண ரூபே கார்டுகள் பல உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியவை. உங்கள் கார்டு வெளிநாட்டில் செல்லுபடியாகுமா என்று வங்கிக் கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் மாற்றிக் கேளுங்கள். அது கைக்கு வரச் சில நாட்கள் ஆகலாம் என்பதால், விசா கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. வங்கியின் மொபைல் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ கார்டுக்கான பகுதிக்குச் சென்று வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். ஏடிஎம்மில் பணம் எடுப்பது, கடையில் பயன்படுத்துவது, இணையத்தில் செலுத்துவது ஆகியவற்றைத் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும் முடியும். தேவையானதை மட்டும் திறந்தால் போதும்.

2. ஒரு நாளில் எவ்வளவு பயன்படுத்தலாம் என்ற வரம்பையும் நீங்களே நிர்ணயிக்கலாம். ஹோட்டல் கட்டணம் செலுத்த முடியாத அளவுக்குக் குறைவாகவும் வேண்டாம், கணக்கையே துடைத்தெடுக்கும் அளவுக்கு அதிகமாகவும் வேண்டாம்.

3. பயணத் தகவலை வங்கிக்குத் தெரிவியுங்கள். சில வங்கிகளின் ஆப்பில் இதற்கென்றே இடம் இருக்கும். இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவையை அழைத்துச் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தெந்த நாடு என்பது போதும். துபாய், மஸ்கட், கொழும்பு வழியாகப் போவதாக இருந்தால் அந்த நாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

4. சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். வங்கியின் பெயரில் போலி எண்களைப் போட்டு வைத்து ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணையே பயன்படுத்துங்கள். 1800 என்று தொடங்கும் இலவச எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. அங்கிருந்து அழைக்கக்கூடிய எண்ணைக் கேட்டு வாங்கி, கார்டோடு வைக்காமல் தனித் தாளில் எழுதி வையுங்கள்.

5. கார்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஊரில் ஒரு ஏடிஎம்மில் பயன்படுத்தி, பின் நம்பர் சரியாக இருக்கிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓடிபி எந்த போனுக்கு வரும்?

வாப்பாவையும் உம்மாவையும் குழுவோடு உம்ராவுக்கு அனுப்பிவைக்கும் பிள்ளைகள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். பல வீடுகளில் வாப்பாவின் வங்கிக் கணக்கில் மகனுடைய போன் நம்பரே பதிவாகியிருக்கும். வாப்பா மதீனாவில் இருப்பார், வங்கியின் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி மகனுக்கு வரும். வேலை மும்முரத்தில் மகன் அதைப் பார்க்காவிட்டால், அங்கே கார்டு முடங்கியது ஏன் என்று யாருக்கும் தெரியாது. எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்பதை முன்பே பார்த்து, அந்த போன் யார் கையில் இருக்க வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

சவூதியில் இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கி, நம் ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிடுவது பலரின் வழக்கம். வங்கியில் பதிவான சிம் அதுவாக இருந்தால், ரோமிங் வசதியைத் திறந்து அதைப் போனிலேயே வைத்திருங்கள்.

கணவர் பெயரில் மட்டும் கார்டு இருப்பதும் போதாது. ஹரமின் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தவறவிடுவது சகஜம். கணவர் நோய்வாய்ப்பட்டால் செலவு செய்ய வேண்டியவர் மனைவிதான். அவர் கையிலும் ஒரு கார்டும் கொஞ்சம் ரியாலும் இருக்கட்டும். எவ்வளவு நம்பிக்கையானவர் என்றாலும் குழுத் தலைவரிடம் கார்டையும் பின் நம்பரையும் ஒப்படைக்க வேண்டாம். இது அவரைச் சந்தேகிப்பதாகாது. அவரையும் நம்மையும் பிரச்சினையிலிருந்து காப்பதாகும்.

அங்கே சென்ற பிறகு

கடையில் கார்டைக் கொடுத்ததும், ரியாலில் செலுத்துகிறீர்களா ரூபாயிலா என்று மெஷின் கேட்கலாம். ரூபாய் என்பது நமக்குப் பழகியதாகத் தோன்றும். ஆனால், அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டமாகவே இருக்கும். ரியாலையே தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் தனிக் கட்டணம் பிடிக்கும், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உண்டு. ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் கட்டணம் வரலாம் என்பதால், சிறுகச் சிறுகப் பல தடவை எடுப்பதைத் தவிர்க்கலாம்.

கிரெடிட் கார்டு விஷயத்தில் மார்க்கக் கவலையும் சேர்ந்துகொள்கிறது. கெடு தவறினால் வட்டி என்ற நிபந்தனையோடு வரும் கார்டு, கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவெடுத்தது. வட்டி விழாமல் உரிய காலத்தில் முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்கு அனுமதிக்கும் உலமாக்களும் இருக்கிறார்கள். எந்தக் கருத்தைப் பின்பற்றினாலும், கிரெடிட் கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். பொதுவாக அதற்கு ஒரு நாள் அவகாசம்கூட இல்லை, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். நம் சொந்தப் பணத்திலிருந்து கழியும் டெபிட் கார்டிலோ, முன்பணம் போட்டு வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டிலோ இந்தச் சிக்கல் இல்லை.

கார்டு தொலைந்தால்

முதல் வேலையாக ஆப்பில் கார்டை முடக்குங்கள், அல்லது வங்கியை அழையுங்கள். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறு யாரோ பணத்தை எடுத்திருந்தால், வங்கியின் தகவல் நமக்கு வந்த நாளைத் தவிர்த்து 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை மாதச் சுற்றறிக்கை. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் இழப்பில் ஒரு பகுதியை நாம் ஏற்க வேண்டிவரும். ஓடிபியையோ பின் நம்பரையோ நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் நம் பொறுப்பு. ஆகவே, "உங்கள் கார்டு சவூதியில் முடங்கிவிட்டது, ஓடிபி சொல்லுங்கள்" என்று யார் அழைத்தாலும் சொல்லாதீர்கள். எந்த வங்கியும் அப்படிக் கேட்பதில்லை.

ஊர் திரும்பியதும் வெளிநாட்டுப் பயன்பாட்டை மறக்காமல் மூடிவிடுங்கள். ஜம்ஜமும் பேரீச்சம்பழமும் பங்கு வைக்கும் பரபரப்பில் இது விட்டுப்போகும். திறந்தே கிடக்கும் கதவு திருடனுக்குத்தான் வசதி.

இவை எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்தே அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அந்த அரை மணி நேரத்தை இங்கே செலவிட்டால், ஹரமில் கிடைக்கும் நேரம் வங்கிக்கு போன் செய்வதில் கழியாமல் இபாதத்தில் கழியும். அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்தப் புனித பூமிக்குச் செல்லும் பாக்கியத்தையும், இலகுவான பயணத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.