மரத்துக்குள் ஓர் அரம்

'மரம்' என்ற சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ரம்' என்று வாயில் வந்தால், 'ம' முழுதாகவே போய்விட்டது. நீக்க வேண்டியது 'ம்' மட்டும்தான். மிச்சம் 'அரம்'. இத்தனை நாளும் மரத்துக்குள் ஓர் அரம் ஒளிந்திருந்திருக்கிறது.

உளவியலாளர் ஜோசே மொராய்ஸும் அவருடைய சகாக்களும் போர்த்துகல் கிராமத்துப் பெரியவர்களிடம் நடத்தி, 1979இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இந்த விளையாட்டுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களால் சொல்லின் தலையிலிருந்து ஓர் ஒலியை உருவவோ, புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ பெரும்பாலும் முடியவில்லை. அதே சூழலில் வளர்ந்து, வயதான பிறகு வகுப்புக்குப் போய்ப் படித்தவர்கள் பெரும்பாலும் செய்துவிட்டார்கள். முதல் கூட்டத்தாருக்குக் காதிலும் கோளாறில்லை, புத்தியிலும் குறைவில்லை. சீன எழுத்து மட்டுமே கற்றவர்களை 1986இல் சோதித்தபோது, நன்றாகப் படிக்கத் தெரிந்த அவர்களும் இப்படித்தான் தடுமாறினார்கள். தனி ஒலி காதில் தானாக முளைப்பதில்லை. ஒலிகளைப் பிரித்து எழுதும் எழுத்துமுறைதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. 'ம'வை ஒரே எழுத்தாகப் பார்த்துப் பழகிய நாம் 'ரம்' என்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த மாற்றம் மூளையில் எங்கே நடக்கிறது? மூளை ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் குழு 2010இல் பிரேசில், போர்த்துகல் நாட்டவர் 63 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. 31 பேர் சிறுவயதில் பள்ளி சென்றவர்கள். 22 பேர் பெரியவர்களான பிறகு படித்தவர்கள். 10 பேர் எழுத்தறியாதவர்கள். எழுத்து பிறந்து ஐயாயிரம் ஆண்டுகள் சொச்சம்தான் ஆகிறது. அதற்கென்று மூளையில் தனி இடம் உருவாக அது போதாது. ஆகவே உருவங்களை இனங்காணும் பகுதியில், இடப்பக்கம் அடியில், எழுத்து ஒண்டுக்குடித்தனம் வைக்கிறது. படித்தவர்களுக்கு அந்த இடம் எழுத்தைக் கண்டதும் விழித்துக்கொண்டது. பேச்சைக் கேட்கும்போதும் அவர்களுடைய மூளையின் ஒலிப்பகுதி கூடுதலாக வேலை செய்தது. கண்ணால் கற்றது காதையும் மாற்றியிருக்கிறது! எனக்கு இதைவிட வியப்பானது, இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை பெரியவர்களாகிப் படித்த அந்த 22 பேரிடமும் இருந்தன என்பதுதான்.

ஆனால் அந்த இடத்துக்கு இன்னொரு பழக்கம் உண்டு. மூக்கு வைத்த செம்பு இடப்பக்கம் பார்த்தாலும் வலப்பக்கம் பார்த்தாலும் செம்புதான் என்பது அதன் கணக்கு. ஆங்கிலச் சிறிய 'பி'யும் (b) 'டி'யும் (d) அந்தக் கணக்கில் அடங்காது. ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். புதிதாகப் படிப்பவர் இரண்டையும் குழப்பினால் அது மந்தபுத்தி அல்ல, மூளையின் பழைய திறமை.

இதைப் பொறுமையாகக் கடக்க, அருகில் ஒருவர் உட்கார வேண்டும். அமெரிக்காவில் சிராக்யூஸ் நகரில் எழுத்தறியாதோர் ஆயிரக்கணக்கில் இருப்பதைச் செய்தித்தாளில் படித்துத் திடுக்கிட்ட ரூத் கோல்வின், 1962இல் அவர்களுக்குப் படிக்கச் சொல்லித்தரத் தொண்டர்களைப் பயிற்றுவிக்கும் அமைப்பைத் தொடங்கினார். 107 வயது வரை வாழ்ந்தவர். கலிஃபோர்னியா 1984இலிருந்து பொது நூலகங்களிலேயே இந்தப் பணியை நடத்துகிறது. கட்டணம் கிடையாது, படிப்பவர் பெயர் வெளியே போகாது, பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர். பாடப்புத்தகம்கூட இரண்டாம்பட்சம். ஓட்டுநர் உரிமத் தேர்வோ, மருந்துச் சீட்டோ, பிள்ளைக்குப் படித்துக்காட்ட ஒரு கதையோ, படிக்க வந்தவர் எதைக் கேட்கிறாரோ அங்கிருந்து ஆரம்பம்.

பள்ளிக்கூடத்தைவிட நூலகம் இதற்குப் பொருந்துவதற்குக் காரணம் அலமாரிகள் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஐம்பது வயதுக்காரர் பள்ளி வாசலில் நுழைந்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். நூலகத்துக்குள் போகிறவரை யாரும் கேட்பதில்லை. மூலை மேசையில் இருவர் ஒரே பக்கத்தின் மேல் குனிந்திருக்கிறார்கள். ஒருவர் 'பி'யின் வளைவை விரலால் மெதுவாக வருடுகிறார், மறுபடியும் வருடுகிறார். கடந்து போகிறவருக்கு, இருவரும் வாசகர்கள்.