மாமாவைப் பார்க்க மலைக்குப் போனேன்



சென்ற மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, என் பழைய மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் மாலிமிலிருந்து கேமரன் மலைக்குத் தனியாகப் போய் வந்தேன். "என்னங்க, சங்க வேலையை விட்டுட்டு ஊர் சுத்தப் போனீங்களா?" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். ஊர் சுற்றப் போகவில்லை. என் தாய்மாமாவைப் பார்க்கப் போனேன்.

மாமாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. அம்மா தினமும் அதே பேச்சுத்தான். "அண்ணன் அந்தக் குளிருல என்னா பாடுபடுதோ? நீ தோட்டந்தோட்டமா மீட்டிங்குக்குப் போறே. ஒன் சொந்த மாமாவ ஒரு நடை போயி கூட்டியாற ஒனக்கு நேரமில்ல."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. கிளம்பிவிட்டேன்.

மாமா மலைக்குப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். அதற்குத் துண்டாடல் என்று பெயர். நிலம் துண்டானபோது குடும்பங்களும் துண்டாயின. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் அல்லவா? அந்த அவலத்தைக் கண்டுதான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினான். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால் வெட்டினவனே தோட்டத்துக்குப் பங்காளியானது அப்போதுதான்.

எங்கள் தாத்தா இருந்த தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாத்தா பிள்ளைகளோடு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார். மூத்த பிள்ளையான மாமா, மீசை முளைக்காத வயதில், தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு லோரி ஏறி மலைக்குப் போய்விட்டார். அப்போது என் அம்மாவுக்கு ஐந்து வயது.

பழைய சாலையில்

காலை ஆறரைக்குப் பசியாறிவிட்டு வண்டியை எடுத்தேன். நெடுஞ்சாலையில் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். நான் பழைய சாலையையே பிடித்தேன். பேராங், சிலிம் ரீவர், துரோலாக், சுங்கை, பீடோர், பிறகு தாப்பா. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறக்கப்பட்ட பிறகு இந்தச் சாலையில் கூட்டம் குறைந்துவிட்டது.

சிலிம் ரீவரைக் கடக்கும்போது வண்டியைச் சற்று மெதுவாக்கினேன். 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் இந்தச் சாலை வழியாகத்தான் புகுந்தன. பிரிட்டிஷ் கொடிக்காக இங்கே நின்று மடிந்தவர்களில் இந்தியப் படையினர் ஏராளம். அந்த ஒரு நாள் தோல்வியோடு கோலாலம்பூருக்கு வழி திறந்துவிட்டது. இன்று அந்தச் சாலையின் இரு பக்கமும் செம்பனை. நான் சிறுவனாக இருந்தபோது இதே சாலையில் கித்தா மரங்கள் வரிசையாக நிற்கும். மங்கு கட்டிய மரங்களைப் பார்த்தால் யார் வெட்டு என்று அம்மா சொல்லிவிடுவார். செம்பனையைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

தாப்பாவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டேன். மலைக்குப் போகிற தோழர்கள் இதை மறக்க வேண்டாம். இங்கிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முழுவதும் வளைவு. காய்கறி லோரிகள் இறங்கி வரும். முந்திப் போக அவசரப்படாதீர்கள். பிற்பகலில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். காலையில் ஏறுவதே நல்லது.

காடு

தாப்பாவைத் தாண்டியதும் காடு வந்துவிடுகிறது. தலைக்கு மேலே கிளைகள் கூடி நிற்கின்றன. பாறையில் நீர் கசிகிறது. ஆளுயரப் பெரணிகள் சாலைக்குள் எட்டிப் பார்க்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் காற்றில் சூடு குறைவது கையில் தெரிகிறது. லாத்தா இஸ்கண்டார் அருவியருகே நிறுத்தினேன். சாலையோரக் கடைகளில் செமாய் பூர்வகுடி மக்கள் பெத்தாய், தேன், மூங்கில் குருத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டு பெத்தாய் வாங்கினேன். எல்லோருக்கும் முன்னால் இந்தக் காட்டில் இருந்தவர்கள் அவர்கள். அவர்கள் நிலத்துக்கும் இன்னும் முழு உறுதி கிடைக்கவில்லை என்பது தனிக் கதை.

1885இல் வில்லியம் கேமரன் என்கிற நில அளவையாளர் இந்த மலையைக் கண்டு குறித்து வைத்தார். அவர் பெயரைத்தான் மலைக்கு வைத்தார்கள். நாற்பது ஆண்டு யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1925இல் சர் ஜோர்ஜ் மெக்ஸ்வெல் வந்து பார்த்து, குளிர்ச்சியான வாசத்தலம் ஆக்கலாம் என்றார். மறு ஆண்டு தாப்பாவிலிருந்து சாலை வெட்டத் தொடங்கி, ஏறக்குறைய ஐந்து ஆண்டில் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நான் இரண்டு மணி நேரத்தில் ஏறுகிற தூரம் அது. மழையிலும் சரிவிலும் மலேரியாக் காய்ச்சலிலும் ஐந்து ஆண்டு ஆயிற்று. அந்தக் காலத்து மலாயாவில் சாலை வேலை, ரயில் வேலை என்றால் பெரும்பாலும் நம் தமிழர் கைதான். அளந்தவர் பெயர் மலைக்கு இருக்கிறது. மண் வெட்டியவர் பெயர் ஒரு கல்லிலும் என் கண்ணில் படவில்லை.

மலை விவசாயம்

எல்லை தாண்டிப் பகாங்கில் நுழைந்தால் ரிங்லெட். இதன் அருகே 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை இருக்கிறது. ஏரித் தண்ணீர் தேநீர் நிறத்தில் கிடந்தது. காட்டை வெட்டிக் காய்கறி போட்ட சரிவுகளிலிருந்து மழை மண்ணை அரித்துக் கொண்டுவந்து அணையில் கொட்டுகிறது. வண்டல் சேரச் சேர ஏரி தண்ணீர் தாங்கும் அளவு குறைகிறது. 2013 அக்டோபரில் ஓர் இரவு பெருமழையில் அணைநீரைத் திறந்துவிட்டபோது, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துப்போயின. உயிர்களும் போயின. மண்ணைப் பிடித்து வைக்கும் மரத்தை வெட்டினால் தண்டனை கீழே இருக்கிற ஏழைக்குத்தான்.

மேலே போகப் போக மலை முழுவதும் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றுக்குள் தக்காளி, முட்டைக்கோஸ், ஸ்ட்ராபெரி. வேலை செய்கிறவர்கள் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, மியன்மார் தேசத்துப் பிள்ளைகள். ஒரு கடையில் தேநீர் குடிக்கும்போது வங்காளதேசத்துப் பையன் ஒருவனோடு மலாய் மொழியில் பேசினேன். நாலு வருடமாக அம்மாவைப் பார்க்கவில்லையாம். என் மாமா ஞாபகம் வந்தது. தோட்ட முதலாளிகளிலும் பலருக்கு நிலம் சொந்தமில்லை என்று கடைக்காரர் சொன்னார். இந்த மலையில் வேர் பிடித்திருப்பது தேயிலைச் செடி ஒன்றுதான் போலும்.

மாமா வீடு

1929இல் ஜே. ஏ. ரசல் என்பவர் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கையாளாகச் சில தொழிலாளிகள், கோவேறு கழுதைகள், ஒரு நீராவி உருளை. அவ்வளவுதான் அன்றைய முதல் என்பார்கள். அதன்பின் வேறு தேயிலைத் தோட்டங்களும் வந்தன. மாமா இருப்பது அப்படியொரு மலைத் தோட்டத்தில். பெயர் வேண்டாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா லயத்து வாசலில் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"வா மருமவனே. தங்கச்சி நல்லாருக்கா?"

பெத்தாயை வாங்கி மோந்து பார்த்துச் சிரித்தார். பிறகு என்னைத் தேயிலைக் காட்டுக்கு அழைத்துப் போனார். அவர் வந்த காலத்தில் முதுகில் கூடை கட்டி, இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கையால் கிள்ளினார்களாம். பிறகு பை கட்டிய கத்தரி வந்தது. இப்போது இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் செடிமேல் ஓட்டுகிற இயந்திரம். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும் என்றார்.

"வெட்டி வெட்டி இடுப்பு ஒசரத்துல வச்சிருக்கோம். இந்தச் சரிவுல பாதி நான் கவ்வாத்து பண்ணினது. செடியப் பாத்தா என்னைத் தெரியும்."

இராத்திரி சாப்பிட்டுவிட்டு அம்மா சொன்னதைச் சொன்னேன். "மாமா, எங்களோட கீழ வந்துடுங்க." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் வந்துட்டா ஒன் மச்சான் தனியா இருப்பான். அவன் வேல செய்யிற வரைக்கும் இந்த வீடு இருக்கு. அவன் நின்னுட்டா சாவியக் குடுக்கணும். எனக்கு வெளிய போறது புதுசில்ல மருமவனே. எங்க அப்பாவப் போகச் சொன்னப்ப நானுந்தான் சட்டி பானையத் தூக்கினேன். இந்தத் தடவ தூக்க ஒடம்புல தெம்பில்ல, அதான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. இருபது ஆண்டாக நான் தோட்டங்களில் நின்று 'சொந்த வீடு, சொந்த வீடு' என்று முழங்குகிறேன். என் மாமாவிடம் ஒரு நாள்கூட அதைக் கேட்டதில்லை.

மச்சானைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தேயிலை ஆலையில் வேலை. வயது 52. சட்டப்படி 60 வரை வேலை செய்யலாம். ஆக, எட்டு ஆண்டு இருக்கிறது. ஊழியர் சேமநிதிக் கணக்கைக் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்தோம். அதில் வீட்டுக்காக எடுக்கக்கூடிய பகுதி இருப்பதே அவருக்குத் தெரியாது. "அது செத்தாத்தான் கெடைக்கும்னு நெனச்சேன்" என்றார். படித்த பிள்ளைகள் இருவர் ஈப்போவில் வேலை செய்கிறார்கள். பிள்ளை ஒருவனோடு சேர்ந்து கடன் போட்டால், தாப்பா பக்கம் ஒரு சிறு வீடு எட்டாத கனவல்ல என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். அன்று இரவே எழுதி வைத்தோம்.

மாமா என்னோடு வரவில்லை. "வூடு கிடைச்சா தாப்பாவுக்கு எறங்குறேன். அங்கேருந்து தங்கச்சியப் பாக்க பஸ்ஸுல வந்துடுவேன்" என்றார். தங்கைக்கு ஒரு முட்டைக்கோஸும் ஒரு பொட்டலம் தேயிலைத் தூளும் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தேநீர் போட்டார். குடிக்காமல் ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

தோழர்களே, குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. பல பேர் போராடி வந்தது அது. தோட்ட வீட்டுக்குத் தண்ணீர், மின்சாரம், சுகாதாரம் வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வீடு உங்களுடையது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வேலை உள்ளவரைதான் வீடு.

ஆகவே இன்று இரவே மூன்று காரியம் செய்யுங்கள். வேலை ஓய்வுக்கு எத்தனை ஆண்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். சேமநிதிக் கணக்கில் வீட்டுக்கென்று எவ்வளவு எடுக்கலாம் என்று பாருங்கள். பிள்ளைகளை உட்கார வைத்து, 'நாளைக்கு எங்கே இருப்போம்?' என்று பேசுங்கள். தெரியாவிட்டால் சங்கக் கிளைக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.

பள்ளி விடுமுறையில் முடிந்தால் பிள்ளைகளைத் தாப்பா சாலை வழியாக ஒரு முறை மலைக்கு அழைத்துப் போங்கள். ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. போகிற வழியில் ஏதாவது ஒரு வளைவில் இறங்கி நின்று, 'இந்தச் சாலை வேலையில் உன் தாத்தா மாதிரி ஆட்கள் மண் வெட்டினார்கள்' என்று சொல்லுங்கள்.