பிரேக் போட்டால் முன்னால் சாயும் சீட்.. 8 லட்சம் மினிவேன்களைத் திரும்ப அழைத்த ஹோண்டா! என்னதான் பிரச்சினை?

நடு வரிசை சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டு வருகிறது. முன்னால் போகும் கார் திடீரென நிற்கிறது. வண்டி ஓட்டுபவர் பிரேக்கை அழுத்துகிறார். எங்கும் இடிக்கவில்லை, வண்டி பத்திரமாக நின்றுவிட்டது. ஆனால் பின்னால் இருந்த சீட் மட்டும் அப்படியே முன்பக்கம் சாய்ந்துவிட்டது!

இப்படி நடக்க வாய்ப்பிருக்கிறது என்று சொல்லித்தான் ஹோண்டா நிறுவனம் 2017 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 8 லட்சம் 'ஒடிஸி' மினிவேன்களைத் திரும்ப அழைத்தது. 2011 முதல் 2017 வரையிலான மாடல்கள் எல்லாம் இதில் வந்தன. இந்தக் கோளாறால் 46 பேருக்குச் சிறு காயம் ஏற்பட்டதாகப் புகார்கள் வந்திருந்தன.

ஒரு சீட் கொக்கிக்காக 8 லட்சம் வண்டிகளா? அப்படி என்ன கோளாறு? வாங்க, விளக்கமாகப் பார்ப்போம்.

ஒடிஸி என்ன மாதிரி வண்டி?

அமெரிக்காவில் குழந்தைகள் இருக்கும் குடும்பங்களுக்கான வண்டி இது. அலபாமா மாநிலத்தில் லிங்கன் என்ற ஊரில் உள்ள ஆலையில் தயாராகிறது. மூன்று வரிசை சீட், இரண்டு பக்கமும் சறுக்கித் திறக்கும் கதவு, பின்னால் தாராளமாகச் சாமான் வைக்க இடம். அங்கே குடியேறிய நம்மூர்க் குடும்பங்களிடமும் இந்த வண்டி உண்டு. ஊரிலிருந்து தாத்தா, பாட்டி போனால் ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வருவதும் இந்த மாதிரி வேனில்தான்.

இதன் பெரிய வசதியே சீட்டுகள்தான். இரண்டாவது வரிசையின் ஓரத்து சீட்டுகளைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தலாம். குழந்தை சீட்டுகளை வரிசையாக வைக்க இது உதவும். பெரிய சாமான் ஏற்ற வேண்டுமா? லீவரை இழுத்து சீட்டையே கழற்றி வெளியே வைத்துவிடலாம். வேலை முடிந்ததும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

பிரச்சினை தொடங்கியதும் இந்த வசதியில்தான்.

கோளாறு எங்கே?

கழற்றி மாட்டும் சீட் என்றால் அது தரையோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்காது. வேனின் தரையில் பதித்த இரும்புக் கம்பிகளை, சீட்டின் அடியில் இருக்கும் கொக்கிகள் கவ்விப் பிடித்திருக்கும். எல்லாக் கொக்கியும் சரியாக மாட்டியிருந்தால் சீட் அசையாது.

ஆனால் சீட்டைப் பக்கவாட்டில் நகர்த்தும்போதோ, கழற்றித் திரும்ப வைக்கும்போதோ கொக்கி முழுதாக மாட்டாமல் போகலாம். பார்ப்பதற்கு சீட் தன் இடத்தில் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஆள் உட்கார்ந்தாலும் அந்த எடையில் சீட் கீழ்நோக்கித்தான் அழுந்தும். அதனால் சாதாரணமாகப் போகும்போது எந்த வித்தியாசமும் தெரியாது.

பிரேக் போடும்போதுதான் தெரியும். டவுன் பஸ்ஸில் டிரைவர் சடாரென்று பிரேக் அடித்தால் நிற்பவர்கள் எல்லாம் முன்னால் போய் விழுவார்கள், இல்லையா? அதே கதைதான் இங்கேயும். வண்டி நின்றாலும் சீட்டும் அதில் இருப்பவரும் முன்னோக்கியே போகப் பார்ப்பார்கள். பின்பக்கம் பிடிப்பு இல்லையென்றால், முன்பக்கக் கொக்கியைக் கீலாக வைத்துக்கொண்டு சீட் அப்படியே முன்னால் சாய்ந்துவிடும்.

இதற்குப் பெரிய விபத்து தேவையில்லை. கொஞ்சம் பலமாக பிரேக் போட்டாலே போதும் என்பதுதான் கவலைக்குரிய விஷயம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். சீட் சாய்கிறதே என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது. குழந்தை சீட்டைக் கட்டியிருப்பதும் இதே சீட்டில்தான். சீட் சாய்ந்தால் குழந்தை சீட்டும் சேர்ந்தே சாயும்.

முதல் தடவை இல்லை!

இதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு, 2016 டிசம்பரிலும் இதே வண்டியின் இதே வரிசை சீட்டுக்கு ஒரு ரீகால் வந்தது. 2011 முதல் 2016 வரையிலான 6 லட்சத்துக்கும் அதிகமான வேன்கள் அதில் இருந்தன. அப்போது சொன்ன காரணம் வேறு. சீட்டைக் கழற்ற இழுக்கும் லீவர், திறந்த நிலையிலேயே நின்றுவிடலாம் என்றார்கள். லீவர் திரும்பவில்லை என்றால் கொக்கியும் பூட்டாது.

இங்கேதான் பலர் குழம்பினார்கள். "அதான் போன வருஷமே சரி பண்ணியாச்சே" என்று இருந்துவிட முடியாது. இரண்டும் தனித்தனி ரீகால். முதல் வேலை முடிந்திருந்தாலும், இரண்டாவதும் முடிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

சரியாக மாட்டாதது வண்டிக்காரர் தப்புதானே?

பலரும் கேட்கும் கேள்வி இது. சீட்டைக் கழற்றியதும் அவர், மாட்டியதும் அவர். அப்புறம் கம்பெனி ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

ஒருவர் தப்பாக மாட்டினால் அது அவருடைய கவனக்குறைவு. அதே தப்பைப் பல பேர் செய்கிறார்கள் என்றால், தப்பு செய்ய இடம் கொடுத்த வடிவமைப்பில்தான் கோளாறு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சீட்டைத் தள்ளுகிறவர்கள்தான் இந்த வண்டியை வாங்குகிறார்கள். பாதி மாட்டிய சீட், முழுதாக மாட்டிய சீட் மாதிரியே தெரிந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

அமெரிக்கப் பாதுகாப்பு விதியும் இந்தப் பக்கம்தான். மடக்கும் சீட்டுகளுக்குத் தானாகவே பூட்டிக்கொள்ளும் அமைப்பு வேண்டும் என்கிறது அந்த விதி. சீட்டின் எடையைப் போல 20 மடங்கு விசையை அதன் பிடிமானம் தாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. எவ்வளவு பலமான கொக்கி வைத்தாலும், அது மாட்டவே இல்லை என்றால் அந்த பலத்தால் என்ன பிரயோஜனம்?

ரீகால் எப்படி நடக்கும்?

அமெரிக்காவில் 1966-ல் வந்த வாகனப் பாதுகாப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. பாதுகாப்புக் கோளாறு இருக்கிறது என்று முடிவானதும், 5 வேலை நாட்களுக்குள் நிறுவனம் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும். பிறகு உரிமையாளர்களுக்குத் தபால் அனுப்ப வேண்டும். பழுதைச் சரிசெய்யக் காசு வாங்கக் கூடாது.

ஒடிஸி விஷயத்தில், டீலரிடம் வண்டியைக் கொண்டு வரும் வரை காத்திருக்காமல், சீட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி என்ற செய்முறையையும் ஹோண்டா வெளியிட்டது.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கவனத்துக்கு!

தபால் பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். வண்டி இரண்டு கை மாறியிருக்கலாம். ஆனாலும் கவலை வேண்டாம். ரீகால் வண்டிக்குத்தான், முதலில் வாங்கிய ஆளுக்கு இல்லை. இப்போது வண்டி யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு இலவசமாகவே செய்து தருவார்கள்.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரீகால் வேலை முடியாத பழைய காரை டீலர் விற்பதற்கு அமெரிக்காவில் நாடு தழுவிய தடைச் சட்டம் இல்லை! வாடகைக் கார்களுக்கு மட்டும் தடை உண்டு. 2004-ல் கலிஃபோர்னியாவில், ரீகால் ஆகியும் சரிசெய்யப்படாத வாடகைக் காரில் போன சகோதரிகள் இருவர் இறந்தார்கள். அவர்களுடைய தாயார் பல ஆண்டுகள் போராடிய பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. 35 அல்லது அதற்கு மேல் கார் வைத்திருக்கும் வாடகை நிறுவனங்களுக்கு 2016 முதல் அது பொருந்துகிறது.

ஆக, பழைய கார் வாங்கும்போது பார்த்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு.

எப்படிச் சரிபார்ப்பது?

* ஓட்டுநர் பக்கம் முன் கண்ணாடியின் அடியில் வண்டியின் 17 இலக்க அடையாள எண் இருக்கும். கதவை ஒட்டிய சட்டத்திலும் பார்க்கலாம்.
* அந்த எண்ணை அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் போட்டால், கடந்த 15 ஆண்டுகளில் வந்து இன்னும் முடியாத ரீகால்கள் தெரியும்.
* சீட்டை நகர்த்தினாலோ, கழற்றி மாட்டினாலோ, முதுகுப் பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பாருங்கள். தூக்கினாலோ, அசைந்தாலோ மாட்டவில்லை என்று அர்த்தம்.
* லீவர் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். தரைக் குழியில் பொம்மை, பிஸ்கட் துண்டு, மிதியடி எதுவும் சிக்கியிருக்கக் கூடாது.

இந்தியாவில் விதி என்ன?

இங்கே 2012 முதல் வாகன நிறுவனங்கள் தாமாக முன்வந்து ரீகால் செய்யும் நடைமுறை இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, ரீகால் செய்யச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும்.

மூன்று வரிசை சீட் வண்டிகள் இப்போது நம்மூரிலும் நிறைய ஓடுகின்றன. பின்னால் ஏறுவதற்காக நடு சீட்டை மடக்குவதும் நிமிர்த்துவதும் தினசரி வேலை. எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும், நிமிர்த்திய சீட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்க்க ஐந்து நொடிகூட ஆகாது. பிள்ளைகளை உட்கார வைப்பதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.