உங்களுக்குத் தெரியுமா? ஏற்றத்தாழ்வுக்கு நம்ம ஏரியா வைத்த வேட்டு!

திருமுடிவாக்கம் பக்கம் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் ஒயிட் போர்டு பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் உண்டு, காசு கிடையாது! 2021 மே 8-லிருந்து இப்படித்தான். மாதம் எவ்வளவு மிச்சம்? மாநிலத் திட்டக்குழுவே கணக்குப் போட்டுப் பார்த்தது. சராசரியாக 888 ரூபாய்!

தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் இப்படிப் போய்வந்த பயணங்கள் 500 கோடியைத் தாண்டிவிட்டன! உலக ஜனத்தொகையே சுமார் 800 கோடிதான், ஞாபகம் இருக்கட்டும்!

இந்தியாவில் ஃபேக்டரி வேலை பார்க்கும் பெண்களில் 100-க்கு 43 பேர் எங்கே இருக்கிறார்கள்? தமிழ்நாட்டில்! 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்வது இது. மற்ற மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து மீதி 57!

அவர்கள் எல்லாம் எங்கே தங்குவார்கள் என்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதியைப் பாருங்கள். 13 பிளாக், ஒவ்வொன்றும் 10 மாடி. செலவு 706 கோடிக்கு மேல். 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். படுக்கைகள் மட்டும் 18,720!

இதைக் கேளுங்கள், நான் கண்டுபிடித்ததிலேயே சூப்பர் இதுதான்! சென்னை மாநகராட்சி பிறந்தது 1688-ல். மேயர் நாற்காலியில் ஒரு தலித் பெண் உட்கார எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? 334! 2022 மார்ச் 4 அன்று பிரியா மேயரானார். வயது 28.

அதே நாள், பக்கத்துத் தாம்பரத்திலும் ஒரு தலித் பெண் மேயர்! வசந்தகுமாரி. வயது 25! தாம்பரம் மாநகராட்சி ஆகியே அப்போது நாலு மாதம்தான். சென்னைக்கு 334 வருஷம், நம்ம பக்கத்துத் தாம்பரத்துக்கு 4 மாதம்! (காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.)

ஏற்றத்தாழ்வு எவ்வளவு பெரிசு தெரியுமா? உலகத்தின் மொத்தச் சொத்தில் அடிமட்டத்துப் பாதி ஜனங்களிடம் இருப்பது 100-க்கு வெறும் 2! உச்சியில் இருக்கும் பத்து சதவீதத்தினரிடம் 76! 2021 நிலவரம். அடேங்கப்பா!

குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை முதலில் தொடங்கியது எங்கே? நம்ம மாவட்டத் தலைநகர் காஞ்சிபுரத்தில், 2023 செப்டம்பர் 15 அன்று! முதல் கட்டத்திலேயே 1 கோடியே 6 லட்சம் பெண்கள். ஸ்வீடன் நாட்டின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான்!

மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலி. அங்கே 1978-லேயே இருளர் பழங்குடியினர் பாம்பு பிடிக்கக் கூட்டுறவுச் சங்கமே வைத்துவிட்டார்கள்! நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ! இரண்டு பேருமே செங்கல்பட்டு மாவட்டக்காரர்கள்!

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. தமிழ்நாடு கொடுத்தது 1989. டெல்லி கொடுத்தது 2005. 16 வருஷம் முந்திவிட்டோம்! சட்டம் வருவதற்குள் கல்யாணமான மகள்களை மட்டும் விட்டுவிட்டார்கள். அது ஒன்றுதான் உறுத்தல்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு எப்போது? 1921-ல்! இந்திய மாகாணங்களிலேயே முதன்முதலில்! சொத்துத் தகுதி இருந்தவர்களுக்கு மட்டும்தான், ஆனாலும் ஓட்டு ஓட்டுதானே? கடிகாரமும் சாக்லேட்டும் செய்யும் பணக்கார சுவிட்சர்லாந்து, தேசியத் தேர்தலில் பெண்களை ஓட்டுப்போட விட்டது எப்போது என்று நினைக்கிறீர்கள்?

1971!