விடுமுறைக்கு மும்பையா, கொல்கத்தாவா?

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றே பொருள். பாட்டியைப் பார்ப்பது, குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவது, உறவினர் வீட்டுத் திருமணம் ஆகியவற்றுக்கே விடுப்பு போதாமற் போகிறது. ஆயினும் மத்திய அரசு ஊழியருக்கு நான்கு ஆண்டுத் தொகுதியில் ஒரு முறை, இந்தியாவில் எவ்விடத்துக்கும் குடும்பத்தோடு சென்று வரும் பயணச் சலுகை உண்டு. அது கைக்கு வரும்போதுதான் வீட்டில் வழக்குத் தொடங்குகிறது.

அண்மையில் நம்மிடம் யோசனை கேட்க வந்த அன்பரின் வழக்கும் இதுவே. எழுபது வயதுத் தாயார், முழங்கால் வலியுள்ளவர். பள்ளி செல்லும் மக்கள் இருவர். டிசம்பர் இறுதியில் ஆறு நாட்கள். “அடுத்த முறை அம்மாவால் இவ்வளவு தொலைவு வர இயலுமோ என்னவோ!” என்றார். மகனுக்குக் கடல் வேண்டும்; அவருக்கோ புத்தகக் கடைத் தெரு வேண்டும். தாயார் வாய் திறக்கவில்லை.

தொலைவு இந்த வழக்கைத் தீர்க்காது. புதுதில்லியிலிருந்து மும்பை ஏறத்தாழ 1,385 கிலோமீட்டர். ஹவுரா ஏறத்தாழ 1,450. ராஜதானி விரைவு வண்டி 1969இல் ஹவுராவுக்கும், 1972இல் மும்பைக்கும் ஓடத் தொடங்கியது. இரண்டுமே மாலையில் புறப்பட்டுக் காலையில் சேர்ப்பவை. ஆனால் டிசம்பர் இறுதியில் ஒரு வேறுபாடு உண்டு. கங்கைச் சமவெளியில் மூடுபனி இறங்கிவிட்டால் ஹவுரா வண்டி பல மணி நேரம் தாமதிக்கக் கூடும். மும்பை வழியில் இத்தொல்லை குறைவு. ஆகவே கொல்கத்தாவுக்குச் செல்வோர் முதல் நாளுக்கென எத்திட்டமும் வகுக்காதிருத்தல் நன்று.

மும்பையின் இயல்பை அறிய அதன் நிலத்தை அறிய வேண்டும். ஏழு தீவுகளாகக் கிடந்ததைக் கடல் தூர்த்து ஒன்றாக்கிய நகரம் அது. வடக்கு தெற்காக நீண்டது, குறுக்கே ஒடுங்கியது. பழைய அலுவலகங்களும் துறைமுகமும் தென்கோடியில், குடியிருப்புகள் வடக்கே. ஆதலால் காலையில் பெருங்கூட்டம் தெற்கு நோக்கியும், மாலையில் வடக்கு நோக்கியும் மின்சார ரயிலில் பாய்கிறது. தென்பகுதியில் தங்கி, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் செல்பவருக்கு உட்கார இடமும் கிடைக்கலாம். வாடகை மலிவென்று வடக்கே தங்கியவர் காலை ஒன்பது மணிக்கு தாதர் நிலையத்தில் தாயாரைக் கைப்பிடித்து ஏற்ற நினைப்பது ஆகாத காரியம்.

பார்க்கத்தக்கவையோ பல. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் தூரம் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அவ்விடத்தருகே எழுந்த விக்டோரியா நிலையம், இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் பெயர் தாங்கி, 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்குகிறது. இந்தியா வாயிலிலிருந்து படகில் ஒரு மணி நேரம் சென்றால் எலிபெண்டா தீவு. அங்கே குடைவரையின் இருளில் ஏறத்தாழ இருபது அடி உயரமுள்ள மும்முகச் சிவனார் திருவுருவின் முன் பேச்சு எழாது. ஆனால் அதற்கு நூற்றிருபது படிகள் ஏற வேண்டும். டோலி உண்டு, தாயார் அதில் ஏறச் சம்மதிப்பாரா என்பது வேறு கேள்வி.

நாம் ஒரு முறை ஜூலை மாதத்தில் மும்பை சென்று, மூன்று நாட்கள் விடுதிச் சாளரத்தின் வழியே மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கடல் கொந்தளித்ததால் படகும் இல்லை. ஜூனில் இறங்கும் மழை செப்டம்பர் வரை விடாது என்பதை அறியாதவர்களல்லோம். கட்டணம் குறைவென்று மயங்கினோம். டிசம்பரில் இந்த அச்சமில்லை. தில்லிக் குளிரிலிருந்து சென்றவர் கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே மறந்துவிடலாம்.

கொல்கத்தா வேறு வகை. ஆற்றங்கரையோரம் வளர்ந்த அந்நகரின் நடுவில் மைதானம் என்னும் பெருவெளி கிடக்கிறது. வில்லியம் கோட்டையின் பீரங்கிகளுக்குக் குறுக்கே எதுவும் நில்லாதபடி விடப்பட்ட நிலம் அது. பகைவருக்காகத் திறந்து வைத்த வெளியில் இன்று சிறுவர் பந்தாடுகின்றனர். முதியோருக்கு அந்நகரம் இசைவானது என்பதற்கு நாம் காணும் முதற்காரணம், 1984இல் நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கிய மெட்ரோ ரயில். காளிகட்டமும் தட்சிணேசுவரமும் ஒரே தடத்தில் அமைந்துள்ளன. தட்சிணேசுவரத்திலிருந்து படகில் ஆற்றைக் கடந்து பேலூர் மடம் செல்லலாம். 2024 மார்ச் முதல் ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடுக்கு ஹூக்ளி ஆற்றின் அடியிலேயே ரயில் செல்கிறது. ஆற்றைக் கடக்க ஒரு நிமிடமும் ஆவதில்லை; பிள்ளைகள் கண்ணிமைக்காதிருக்க வேண்டும். போகும்போது அவ்வழியிலும், திரும்பும்போது 1943இல் திறந்த ஹவுரா பாலத்தின் மேலும் வருமாறு சொல்லுவோம். 1873இல் குதிரை இழுக்கத் தொடங்கிய டிராம் இன்று அருகிவிட்டது; கண்ணில் பட்டால் ஏறிவிட வேண்டும்.

துர்கா பூசை நாட்களில் செல்லலாமே என்பர். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அவ்விழாவை ஒரு முறையேனும் காணத்தான் வேண்டும். ஆனால் அது இரவு முழுதும் நடந்து காண்பது. பகலில் கல்லூரித் தெருப் புத்தகக் கடைகள் கதவடைத்திருக்கும். முழங்கால் வலிக்கு அது பருவமன்று. சில வாரங்கள் முன்னர் சென்று, குமார்துலியில் வைக்கோற் கட்டின் மேல் களிமண் அப்பி அம்மன் உருவாவதைப் பார்ப்பது அதனினும் இனிது என்பது நம் கருத்து.

உணவுக் கவலை இரு நகரங்களிலும் வேண்டியதில்லை. மும்பையில் மாதுங்காவும் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டும் பல தலைமுறைகளாகத் தென்னாட்டார் வாழும் இடங்கள். ஆனால் புதிய ஈச்ச வெல்லத்தில் செய்யும் சந்தேஷ் குளிர்காலத்தில் வங்காளத்தில்தான் கிடைக்கும். எலிபெண்டா, விக்டோரியா நினைவு மண்டபம், இந்திய அருங்காட்சியகம் ஆகியவை திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்க.

மூன்றே நாட்கள் என்றால் மும்பை என்றிருப்போம். ஆறு நாட்களும் ஒரு முதியவரும் என்பதால் கொல்கத்தா என்றோம். அன்பர் வீட்டுக்குச் சென்று தாயாரிடம் கேட்டாராம். “தட்சிணேசுவரம் போக வேண்டுமென்று உன் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்” என்றாராம் அவர். முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன்பே திறப்பதால் அன்று காலையே சீட்டு வாங்கிவிட்டார். தாயாருக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்தது. மகன் மட்டும் கடலைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான்கு ஆண்டு பொறுக்க வேண்டுமென்று அவனுக்கு யார் சொல்வது?